கீல் ஓரத்து விரிசல்: மடிக்கணினித் திரையும் நுகர்வோர் சட்டமும்

சர்வீஸ் சென்டர் கவுன்ட்டரில் இருந்த இளைஞர் மடிக்கணினியைத் திறந்து விளக்குக்கு நேராகச் சாய்த்தார். அரை நிமிடம்கூடப் பார்த்திருக்க மாட்டார். தன் கணினியில் மூன்று எழுத்து தட்டினார். அச்சாகி வந்த ஜாப் ஷீட்டில் 'சி.ஐ.டி.' என்று இருந்தது. ஜெய்சங்கர் படம் பார்த்து வளர்ந்த எனக்கு அந்த எழுத்துகளுக்கு வேறு பொருள். இங்கே அது 'வாடிக்கையாளரால் நேர்ந்த சேதம்' என்பதன் ஆங்கிலச் சுருக்கமாம். துப்பு துலக்கி முடித்து, குற்றவாளியையும் எதிரிலேயே நிறுத்திவிட்டார்கள் என்ற அளவில் பழைய பொருளும் பொருந்தத்தான் செய்தது.

குற்றவாளி என் அக்கா மகன், பொறியியல் மாணவன். மடிக்கணினி வாங்கி ஏழு மாதம். விடுதி அறையில் இரவு மூடி மேஜைமேல் வைத்திருக்கிறான். காலையில் திறந்தால் வலப்பக்கக் கீல் மூலையிலிருந்து மயிரிழைபோல ஒரு கோடு மேலே வளைந்து ஓடியிருக்கிறது. கோட்டை ஒட்டிக் கறுப்பு மை கசிந்த மாதிரி ஒரு திட்டு. எஸ்டிமேட் 16,800 ரூபாய்.

"கீழ போட்டீங்களா தம்பி?"

"இல்லண்ணா."

"போடாம உடையாது."

விசாரணை அவ்வளவுதான். வாரண்டியில் வருமா வராதா என்ற கேள்வியோடு அன்று வீட்டுக்கு வந்தேன். சட்டத்தையும் தீர்ப்புகளையும் புரட்டப் புரட்ட, கேள்வி வேறொன்றாகிவிட்டது. உடைந்தது எப்படி என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாதபோது, அதை நிரூபிக்கும் வேலை யாருடையது? இதற்கு நாட்டுக்கு நாடு வேறு பதில் இருக்கிறது. 16,800 ரூபாய் யார் சட்டைப்பையிலிருந்து போகும் என்பதை அந்தப் பதில்தான் தீர்மானிக்கிறது.

இரண்டு வாக்குறுதிகள்

நம் பேச்சில் எல்லாமே வாரண்டிதான். சட்டத்தின் கணக்கு வேறு. வாரண்டி அட்டை என்பது தயாரிப்பு நிறுவனம் தானாக முன்வந்து தருவது. தானாகத் தருவதால் எல்லையையும் தானே வகுத்துக்கொள்கிறது. மூலப்பொருளிலோ செய்நேர்த்தியிலோ குறை இருந்தால் ஓராண்டுக்குள் சரிசெய்து தருவோம். விபத்து, கவனக்குறைவு, தவறான பயன்பாடு, வெளியாள் கைவைத்தது எதுவும் சேராது. சில அட்டைகள் விரிசல் விட்ட திரை என்று பெயர் சொல்லியே விலக்கிவிடும்.

இன்னொரு வாக்குறுதியைச் சட்டம் தருகிறது. அதை அட்டையில் அச்சடிக்க வேண்டியதில்லை. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தில் 16ஆம் பிரிவைப் படித்தால் வேடிக்கையாக இருக்கும். பொருளின் தரம் பற்றி உள்ளுறை உத்தரவாதம் எதுவும் கிடையாது, வாங்குபவர்தான் பார்த்து வாங்க வேண்டும் என்று கறாராகத் தொடங்கி, உடனேயே விதிவிலக்குகளைத் திறந்துவிடும். அந்த வகைச் சரக்கை விற்பதையே தொழிலாகக் கொண்டவர் விற்றால் அது விற்கத் தகுந்த தரத்தில் இருக்க வேண்டும். இன்ன காரியத்துக்கு என்று சொல்லி, விற்பவரின் திறமையை நம்பி வாங்கினால் அந்தக் காரியத்துக்கு உதவ வேண்டும். இந்தப் பொறுப்பு விற்ற கடைக்காரருடையது. "கம்பெனி சர்வீஸ்ல போய்ப் பாருங்க சார்" என்று கடைக்காரர் கையை விரிப்பது நடைமுறை. சட்டம் அவரை அவ்வளவு சுலபமாக விடுவதில்லை.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, இன்னும் ஒரு படி மேலே போகிறது. 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டம் 2(10) பிரிவில் பொருட்குறைபாட்டை வரையறுக்கிறது. சட்டப்படியோ, வெளிப்படையான அல்லது உள்ளுறையான ஒப்பந்தப்படியோ இருக்க வேண்டிய தரம் இல்லையென்றால் குறைபாடு. வணிகர் எந்த விதத்திலாவது சொல்லிக்கொண்ட தரம் இல்லையென்றாலும் குறைபாடு. இந்தக் கடைசித் துண்டை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளலாம். இன்று கடையில் தொங்கும் பாதி மடிக்கணினி விளம்பரங்களில் 'ராணுவத் தரச் சோதனையில் தேறியது' என்ற வரி இருக்கிறது. அமெரிக்க ராணுவத்தின் 810ஆம் எண் சோதனை முறையைச் சொல்கிறார்கள். அதிர்வும் விழுதலும் அதில் அடக்கம். பெட்டிமேல் ராணுவம், பெட்டிக்குள் இருக்கும் அட்டையில் 'விழுந்தால் நாங்கள் பொறுப்பல்ல'. விளம்பரத்தை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வதற்கு ஒரு ரூபாய் செலவில்லை.

2019 சட்டத்தில் புதிதாக வந்த 'உற்பத்திப் பொருள் பொறுப்பு' அத்தியாயத்தைக் காட்டிச் சிலர் நம்பிக்கை ஊட்டுவார்கள். உற்பத்திக் குறை, வடிவமைப்புக் குறை, போதிய எச்சரிக்கை தராதது என்று 84ஆம் பிரிவு அடுக்கும் பட்டியல் கவர்ச்சியானதுதான். ஆனால் 'தீங்கு' என்ற சொல்லின் வரையறைக்குத் திரும்பிப் போனால், அந்தப் பொருளுக்கே நேர்ந்த சேதம் அதில் சேராது என்று இருக்கிறது. பேட்டரி வெடித்துக் கை சுட்டால் அந்த அத்தியாயம் கைகொடுக்கும். திரை தானே உடைந்துகொண்டால் கொடுக்காது. பழைய வழியான பொருட்குறைபாட்டு முறையீடுதான் கதி.

ஓர் ஓட்டையையும் சொல்லிவிட வேண்டும். வெளிப்படையான வாரண்டி ஒன்று இருப்பதாலேயே உள்ளுறை நிபந்தனை போய்விடாது, இரண்டும் முரண்பட்டால்தான் போகும் என்று 1930 சட்டத்தின் 16(4) பிரிவு சொல்கிறது. அது நல்லது. ஆனால் அதே சட்டத்தின் 62ஆம் பிரிவு, இரு தரப்பும் வெளிப்படையாக ஒத்துக்கொண்டால் உள்ளுறை உரிமைகளை நீக்கிக்கொள்ளலாம் என்கிறது. பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் நுகர்வோர் விற்பனையில் இந்தக் கதவை அடைத்துவிட்டன. நம் நாட்டில் 1930லிருந்து அது ஒருக்களித்தே கிடக்கிறது.

கண்ணாடி சொல்லும் சாட்சி

'போடாம உடையாது' என்பது உண்மையா?

மடிக்கணினித் திரை என்று நாம் சொல்வது, அரை மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாத இரண்டு கண்ணாடித் தகடுகள். நடுவே சில மைக்ரான் இடைவெளியில் திரவப் படிகம். தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. விரிசலை ஒட்டிக் கறுப்பாகப் பரவியது கசிந்த அந்தத் திரவம்தான். பெரிய கண்ணாடிப் பரப்பில் கோடு கிழித்து, உடைத்து உடைத்துத்தான் இந்தத் தகடுகளை எடுக்கிறார்கள். அப்படி வெட்டிய ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்பிளவுகள் தங்கிவிடும். கண்ணாடியின் பலம் அதன் நடுப்பரப்பில் இல்லை, ஓரத்துப் பிளவுகளின் அளவில் இருக்கிறது. 1921ல் வெளியான ஆய்வுக் கட்டுரையில் இதற்குக் கணக்குப் போட்டுக் காட்டியவர் ஏ.ஏ. கிரிஃபித் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். இழுவிசை தொடர்ந்து இருந்தால், காற்றின் ஈரமும் துணை சேர, நுண்பிளவு மெல்ல மெல்ல நீளும். ஓர் எல்லையைத் தொட்டதும் கண்ணிமைக்கும் நேரத்தில் ஓடிவிடும். அடி விழ வேண்டியதே இல்லை. இரவு நன்றாக இருந்தது காலையில் உடைந்திருப்பதைப் பேய்க்கதை என்று தள்ள முடியாது.

இழுவிசை எங்கிருந்து வரும்? இதை எனக்குக் காட்டியவர் ரிச்சி தெருவில் ஒரு மெக்கானிக். இரண்டு பேர் உட்கார்ந்தால் மூன்றாமவர் படியில் நிற்க வேண்டிய கடை. கருவியைக் கழற்றவே இல்லை. மேஜையில் வைத்து, மூடியின் நடுவில் ஒற்றை விரலைக் கொடுத்துத் தூக்கினார். மூடியோடு சேர்ந்து அடிப்பாகமும் ஒரு அங்குலம் எழுந்தது.

"பாத்தீங்களா, ஹிஞ்ச் எவ்ளோ டைட்டுன்னு? ஒவ்வொரு தடவ தொறக்கறப்பவும் இந்த மூலைதான் சார் சாப்பிடுது." பிறகு நகத்தால் விரிசல்மேல் ஓட்டிக் காட்டினார். "அடிபட்டிருந்தா ஒரு புள்ளியிலேர்ந்து சிலந்தி வலை மாதிரி நாலா பக்கமும் போகும். பேனா, இயர்போன் வெச்சு மூடினா அந்தப் பொருளோட அச்சு தெரியும். இது ஓரத்துல ஆரம்பிச்சு ஒத்தக் கோடா போயிருக்கு."

நியாயத்துக்கு அவர் சொன்ன இன்னொன்றையும் எழுத வேண்டும். தன்னிடம் வரும் திரைகளில் பெரும்பாலானவை ஆட்கள் உடைத்தவைதான் என்றார். விசைப்பலகைமேல் சார்ஜர் முனையை வைத்துவிட்டு மூடுவது, ஒற்றை மூலையைப் பிடித்துத் தூக்குவது, பையில் வைத்து பஸ்ஸில் நசுங்குவது. சர்வீஸ் சென்டர் இளைஞரின் சந்தேகம் வானத்திலிருந்து விழவில்லை. அவர் தவறு, பெரும்பான்மையை வைத்து இந்த ஒன்றையும் தீர்ப்பளித்ததில்தான்.

நிறுவனங்களே ஒத்துக்கொண்ட வரலாறும் உண்டு. மைக்ரோசாஃப்ட் 2019 இறுதியில் விற்கத் தொடங்கிய சர்ஃபேஸ் லேப்டாப் 3 கருவிகளில் காரணமே இல்லாமல் திரையில் மயிரிழை விரிசல் விழுகிறது என்று பலர் முறையிட்டார்கள். 2020 மே மாதம் நிறுவனம் ஆராய்ந்து அறிவித்தது: மிகச் சில கருவிகளில் கடினமான அந்நியத் துகள் ஒன்றினால் விரிசல் ஏற்படக்கூடும், பார்ப்பவர்களுக்குக் காரணமின்றி நேர்ந்ததுபோலத் தோன்றும். வாரண்டிக் காலத்தில் இருந்தவர்களுக்கு இலவசமாகச் சரிசெய்து கொடுத்தார்கள், ஏற்கெனவே பணம் கட்டியவர்களுக்குத் திருப்பிக் கொடுக்கவும் முன்வந்தார்கள். அந்த அறிவிப்புக்கு முந்தின வாரம் வரை 'போடாம உடையாது' என்று கேட்டுத் திரும்பியவர்கள் எத்தனை பேரோ.

எதிர்த் திசையில் ஆப்பிளின் எச்சரிக்கையைச் சொல்லலாம். கேமராவை மறைக்க ஒட்டும் சிறு மூடியோடு மேக்புக்கை மூடினால் திரை சேதமாகலாம், ஒட்டியே ஆக வேண்டும் என்றால் சாதாரண அச்சுத்தாளின் தடிமனான 0.1 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது என்று 2020ல் ஓர் ஆதரவுக் குறிப்பு வெளியிட்டார்கள். இப்படி எழுதி வைத்துவிட்டால் பிறகு அது பயனரின் பிழையாகிவிடுகிறது. தாளளவு தடிமனைத் தாங்க முடியாதபடி ஒரு கருவியை ஒல்லியாக்கியது வடிவமைப்புக் குறையா, பயனரின் அலட்சியமா? நான் முதலாவதின் பக்கம்தான் சாய்வேன். எச்சரித்துவிட்டோமே என்று அவர்கள் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது.

சுமை யார் தோளில்?

கண்ணாடியின் உடைந்த முகப்பை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் விரிசல் எங்கே பிறந்தது என்று படிக்கலாம். பிறந்த இடத்தைச் சுற்றிக் கண்ணாடிபோல வழுவழுப்பான ஒரு பகுதி, அதைத் தாண்டிச் சொரசொரப்பு. இதற்கென்றே ஒரு துறை இருக்கிறது. நம் சட்டமும் இதற்கு வழி வைத்திருக்கிறது. சோதித்துப் பார்க்காமல் குறையைத் தீர்மானிக்க முடியாது என்றால், 2019 சட்டத்தின் 38(2) பிரிவின்படி மாவட்ட நுகர்வோர் ஆணையம் பொருளை முத்திரையிட்டுத் தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்பலாம். 45 நாளில் அறிக்கை வர வேண்டும். படிக்க அருமையாக இருக்கிறது. அடுத்த உட்பிரிவில், ஆய்வகக் கட்டணத்தை முறையீட்டாளரே முன்கூட்டிக் கட்டச் சொல்லலாம் என்று வருகிறது. கண்ணாடிக்கென்றே கொல்கத்தாவில் மத்திய ஆராய்ச்சி நிறுவனம் வைத்திருக்கும் நாடு நம்முடையது. அதற்காக ஒரு கல்லூரி மாணவனின் திரைக்கு யார் நுண்ணோக்கி வைக்கப்போகிறார்கள்?

ஆகவே வழக்கு அறிவியலில் முடிவதில்லை, நிரூபணச் சுமையில் முடிகிறது. எஸ்.ஜி.எஸ். இந்தியா எதிர் டால்ஃபின் இன்டர்நேஷனல் வழக்கில் 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது: சேவைக் குறைபாடு இருந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பு முறையீட்டாளருடையது. அது ஆய்வுச் சான்றிதழ் பற்றிய வழக்கு, திரை பற்றியது இல்லை. ஆனாலும் அந்தக் கோட்பாடு எல்லா மன்றங்களிலும் ஒலிக்கிறது. மாணவன் சொல்வது ஒரு பக்கம், நிறுவனத்தின் சி.ஐ.டி. முத்திரை மறுபக்கம், நடுவே அறிக்கை எதுவும் இல்லை என்றால், எழுதப்பட்ட தாளுக்குத்தான் கனம் அதிகம். அந்தத் தாளை எழுதியவர் எதிர்தரப்பின் ஆள்.

பிரிட்டனில் 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் இதைத் தலைகீழாகப் போட்டது. பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் குறை வெளிப்பட்டால், அது தரும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லை என்று காட்ட வேண்டியது கடைக்காரர். முதல் 30 நாளில் என்றால் பொருளைத் திருப்பிவிட்டுப் பணத்தையே கேட்கலாம். ஆறு மாதம் கழிந்தாலும் உரிமை சாவதில்லை, இங்கிலாந்தில் ஆறு ஆண்டுவரை வழக்குப் போடலாம். சுமை மட்டும் நம் தோளுக்கு மாறிவிடும். ஏழாவது மாதத்தில் திரை உடைந்த என் மருமகன் அங்கேயும் ஒரு மாதத்தில் கோட்டைவிட்டிருப்பான்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் தப்பியிருப்பான். 2022 ஜனவரி 1 முதல் அங்கே நடப்பில் உள்ள 2019ஆம் ஆண்டு ஆணையின்படி சட்டப் பொறுப்பு இரண்டு ஆண்டு. குறை முன்பே இருந்தது என்ற ஊகம் ஓராண்டு. உறுப்பு நாடு விரும்பினால் ஊகத்தையும் இரண்டாண்டாக்கலாம். இந்த ஊகம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நெதர்லாந்திலிருந்து போன ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். 2008 மே மாதம் ஒரு பெண் பழைய கார் ஒன்று வாங்கினார். செப்டம்பரில் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே அது தீப்பிடித்து எரிந்துபோனது. காரணத்தை ஆராயலாம் என்று பார்த்தால், எரிந்த கார் அதற்குள் உடைபட்டுக் காய்லாங்கடைக்குப் போய்விட்டது. ஆதாரமே இல்லை. வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை ஏறியது. 2015 ஜூனில் வந்த தீர்ப்பு: பொருள் சரியில்லை என்பதையும், அது உரிய காலத்துக்குள் வெளிப்பட்டது என்பதையும் வாங்கியவர் காட்டினால் போதும். ஏன் சரியில்லை என்று காட்ட வேண்டியது அவர் வேலை இல்லை. அந்தத் தீர்ப்பைப் படித்த அன்று எனக்கு அந்தக் கவுன்ட்டர் ஞாபகம் வந்தது.

ஆனாலும் ஐரோப்பாவில் உடைந்த திரைக்கெல்லாம் பணம் கொட்டுகிறது என்று நினைக்க வேண்டாம். குறையின் தன்மைக்கே பொருந்தாத இடத்தில் ஊகம் செல்லாது என்ற வாசகமும் அதே ஆணையில் இருக்கிறது. நடுவில் குழி விழுந்து நட்சத்திரம்போல் வெடித்த திரையைக் கொண்டுபோய் நீட்டினால் அங்கேயும் சிரிப்பார்கள். மூலையிலிருந்து ஓடும் ஒற்றைக் கோட்டுக்குத்தான் அந்த ஊகம் உயிர்கொடுக்கிறது.

ஆஸ்திரேலியாவின் வழி வேறு. 2011 முதல் நடப்பில் உள்ள அந்நாட்டு நுகர்வோர் சட்டம் மாதக் கணக்கெல்லாம் போடுவதில்லை. விலை, வகை, விளம்பரம் எல்லாம் தெரிந்த ஒரு நியாயமான வாடிக்கையாளர் இந்தப் பொருள் எவ்வளவு காலம் உழைக்கும் என்று எதிர்பார்ப்பார் என்று கேட்கிறது. நிறுவனத்தின் ஓராண்டு வாரண்டி முடிந்த பிறகும் அந்தப் பொறுப்பு தொடரலாம். வழக்கத்துக்கு மாறாகப் பயன்படுத்திச் சேதமாக்கினால் மட்டும் இல்லை. விலக்க முடியாத உரிமைகள் உங்களுக்கு உண்டு என்ற வாசகத்தை ஒவ்வொரு வாரண்டிச் சீட்டிலும் அச்சடித்தாக வேண்டும். சும்மா அச்சடித்துவிட்டு வேறு கதை பேசினால் என்ன ஆகும் என்பதை 2013ல் எச்.பி. நிறுவனம் அறிந்தது. சட்ட உரிமைகளைப் பற்றி வாடிக்கையாளர்களிடம் தவறாகச் சொன்னதற்காக 30 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் தண்டம்.

இந்தியாவில் ஆறு மாத ஊகமாவது வேண்டும் என்பது என் கட்சி. கடைக்காரர்கள், குறிப்பாகச் சின்னக் கடைக்காரர்கள், அடுத்தவர் உடைத்ததற்கெல்லாம் நாங்கள் அழ வேண்டுமா என்று கேட்பார்கள். கேட்கட்டும். கடைக்காரருக்கு நிறுவனத்திடம் திரும்பிப் போக வழி இருக்கிறது. நிறுவனத்தின் கையில் ஆய்வகம், பழுதுக் கணக்கு, ஒரே மாடலில் எத்தனை கீல் மூலைகள் உடைந்தன என்ற பட்டியல் எல்லாம் இருக்கிறது. வாங்கியவனிடம் இருப்பது ஒரு செல்போன் கேமரா.

வெளியே மாற்றினால்

ரிச்சி தெருக்காரர் சாதாரணப் பேனல் 5,500க்கு மாற்றித் தருவதாகச் சொன்னார். கை அரித்தது. ஆனால் திரையை மாற்றிய கணமே சாட்சி போய்விடும். மிச்சமுள்ள ஐந்து மாத வாரண்டியும் போய்விடுமோ என்ற பயம் வேறு.

இந்தப் பயத்தைப் பற்றி வெளிநாடுகளில் நிறைய நடந்திருக்கிறது. வெளிக்கடையில் திரை மாற்றிய ஐபோன், ஐபேட் சில 'பிழை 53' காட்டிச் செயலிழந்தபோது, வெளியாள் தொட்டதால் உங்களுக்கு எந்தத் தீர்வும் கிடையாது என்று ஆப்பிள் வாடிக்கையாளர்களைத் திருப்பி அனுப்பியது. ஆஸ்திரேலியக் கூட்டாட்சி நீதிமன்றம் 2018 ஜூனில் விதித்த தண்டம் 90 லட்சம் டாலர். வெளியாள் பழுதுபார்த்தார் என்பதாலேயே சட்ட உரிமை அற்றுப்போகாது என்பதுதான் சாரம். அதே ஆண்டு ஏப்ரலில் அமெரிக்க வணிக ஆணையம் ஆறு நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. இந்த ஸ்டிக்கரைக் கிழித்தால் வாரண்டி செல்லாது என்பதுபோன்ற நிபந்தனைகள் 1975ஆம் ஆண்டின் மேக்னுசன்-மாஸ் சட்டத்துக்கு முரண் என்றது. இந்தியாவில் அப்படியொரு சட்டம் இன்னும் இல்லை. பழுதுபார்க்கும் உரிமைக்கென்று 2022 டிசம்பரில் மத்திய அரசு ஓர் இணையதளம் தொடங்கியது. அதோடு சரி.

ஆக, வழக்குப் போடும் எண்ணம் இருந்தால் முதலில் படம் எடுக்க வேண்டும், பழுதுபார்ப்பதெல்லாம் பிறகு. மூலையின் நெருக்கப் படம், மூடியைத் தூக்கும்போது அடிப்பாகம் எழும் வீடியோ, வெளிச்சட்டத்தில் அடிபட்ட தடமே இல்லை என்பதற்கு நான்கு மூலைகளின் படம். சர்வீஸ் சென்டர் தரும் ஜாப் ஷீட்டில் கையெழுத்துப் போடும்முன் 'சேதத்தின் காரணத்தை நான் ஏற்கவில்லை' என்று பேனாவால் ஒரு வரி. இந்த ஒரு வரியை என் மருமகன் எழுதவில்லை. நானும் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

மற்ற வழிகளைச் சுருக்கமாகவே சொல்லலாம். ஆன்லைனில் வாங்கிப் பெட்டியைப் பிரிக்கும்போதே உடைந்திருந்தால் தகராறு சுலபம். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுக்க முடியாது. புகார் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பிரிப்பதை வீடியோ எடுத்தவர்கள் பிழைத்தார்கள். வாங்கும்போதே கூடுதல் பணம் கட்டி விபத்துப் பாதுகாப்புத் திட்டம் எடுத்தவர்களுக்குக் காரணம் பற்றிய சண்டையே கிடையாது, கீழே போட்டாலும் சரி. அதை வாரண்டி என்று நினைக்காமல் காப்பீடு என்று நினைத்து நிபந்தனைகளைப் படிக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறைதான் என்பதுபோன்ற வரம்புகள் இருக்கும்.

ஆணையத்துக்குப் போவதாக முடிவெடுத்தால், பயமுறுத்துகிற அளவுக்கு அங்கே ஒன்றும் இல்லை. ஐந்து லட்சம் ரூபாய் வரை விலையுள்ள பொருளுக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயமில்லை. நிறுவனத்தின் தலைமையகம் எங்கே இருந்தாலும், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே முறையிடலாம்; 2019 சட்டம் தந்த உருப்படியான மாற்றங்களில் இது ஒன்று. கெடு இரண்டு ஆண்டு. அதற்குமுன் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் சொல்லிப் பார்க்கலாம், சில நிறுவனங்கள் அங்கேயே இறங்கி வந்துவிடும். எதிர்தரப்பு பதில் தர 30 நாள், மேற்கொண்டு 15 நாள், அதற்குமேல் ஒரு நாள்கூடக் கிடையாது என்று 2020ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதிசெய்தது. முடிக்க வேண்டிய காலம் மூன்று மாதம், சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதம் என்று சட்டம் சொல்கிறது. நீதிமன்ற வராந்தாக்களில் நின்றவர்களுக்கு அந்த எண்களின் மதிப்பு தெரியும்.

நிறுவனத்தின் பெயரில் ஜிஎஸ்டி பில் போட்டு வாங்கியவர்கள் மட்டும் ஒரு முறை யோசிக்க வேண்டும். வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்ல. ஆனால் தன் கையால் உழைத்துப் பிழைக்க வாங்கினால் நுகர்வோர்தான். கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட்டிடம் இயந்திரம் வாங்கிய ஒரு நிறுவனத்தின் வழக்கில் 1995ல் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியபோது எடுத்துக்கொண்ட உதாரணங்களில் ஒன்று தட்டச்சு இயந்திரம். வீட்டிலிருந்து மொழிபெயர்த்தும் கணக்கெழுதியும் சம்பாதிப்பவர்கள் மடிக்கணினியை அந்த இடத்தில் வைத்துப் பார்க்கலாம்.

புதுக் கருவியே வேண்டும் என்று மனுவில் கேட்பது வழக்கம். பெரும்பாலும் கிடைக்காது. மாருதி உத்யோக் சம்பந்தப்பட்ட ஒரு கார் வழக்கில் 2006ல் உச்ச நீதிமன்றம், வாரண்டி குறையுள்ள பாகத்தை மாற்றித் தருவதாகத்தான் சொல்கிறது, முழு வண்டியை அல்ல என்று நிறுத்திக்கொண்டது. திரைக்குப் பதில் திரை, அலைச்சலுக்குக் கொஞ்சம் இழப்பீடு, செலவுத்தொகை. இதற்கு ஓராண்டு நடக்கத் தயாரா என்பது அவரவர் கால்வலியைப் பொறுத்தது.

நாங்கள் நடக்கவில்லை. படங்களும் வீடியோவும் இணைத்து, 2(10) பிரிவையும் விளம்பரத்தின் ராணுவ வரியையும் குறிப்பிட்டு நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டோம். பதினெட்டாவது நாள் பதில் வந்தது. பொறுப்பை ஏற்காமல், நல்லெண்ண அடிப்படையில், இந்த ஒருமுறை மட்டும் பாதி விலை. மருமகனுக்குத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. 8,400 ரூபாய் கட்டினோம்.

வாங்கிவரப் போன அன்று, உடைந்த பேனலைக் கொடுங்கள் என்று கேட்டேன். மேஜைக்குப் பின்னால் குமிழ்த்தாள் சுற்றித் தயாராக இருந்தது, மேலே சி.ஐ.டி. என்று ஸ்டிக்கர்.

"மாத்தின பார்ட் கம்பெனி ப்ராப்பர்ட்டி சார். திருப்பி அனுப்பிடணும்."

"பாதிப் பணம் நாங்க கட்டியிருக்கோமே?"

இளைஞர் உள்ளே போய் யாரையோ கேட்டுவிட்டு வந்தார். இல்லை என்று தலையாட்டினார். மருமகன் புதுத் திரையை ஒற்றை விரலால் தூக்கிப் பார்த்தான். அடிப்பாகம் கூடவே எழுந்தது.

"மாமா," என்றான் மெதுவாக, "இதயும் வீடியோ எடுத்துக்குங்க."